ஒரு சிட்டிகை மண்

அவர் முதலில் பார்த்தது என் காலைத்தான். நான் கைகூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், அவர் குனிந்து என் ஷூவின் ஓரத்தைப் பார்க்கிறார்.

"தம்பி, உந்தச் சப்பாத்தைக் கடைசியா எங்க போட்டுக்கொண்டு போனனீர்?"

"நேத்து பாப்பாவைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன் அண்ணாச்சி."

"அப்ப நல்லாத் தேய்க்க வேணும். காலைத் தூக்கும்."

ஆக்லாந்தில் கிளென் ஈடனைத் தாண்டி மேற்கே போனால் வைட்டாக்கரே மலைக்காடு. அங்கே நடைபாதைகள் நிறைய. ஒவ்வொரு பாதையின் வாசலிலும் ஷூ கழுவ ஒரு இடம் வைத்திருப்பார்கள். கம்பித் தட்டு, அதில் பதித்த பிரஷ், மருந்துத் தண்ணீர் பீச்சும் குழாய். காட்டுக்குள்ளே கவுரி என்று வானத்தைத் தொடுகிற மரங்கள். அவற்றுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது. அது மண்ணில் இருக்கிறது, நம் காலோடு வருகிறது. ஒரு சிட்டிகை மண் போதுமாம், வேரைப் பிடித்துவிடும். பிடித்தது தெரியவே சில வருடம் ஆகும். அப்புறம் உச்சி மொட்டையாகி நின்றுகொண்டே சாகும். அதனால்தான் போகும்போதும் வரும்போதும் கழுவச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் நாலு தேய் தேய்த்துவிட்டுப் போவார்கள். அவர் அப்படி விடமாட்டார். அறுபத்தைந்து வயது மனிதர் என் முன்னால் மண்டியிட்டார்.

நான் பின்னால் நகர்ந்தேன். "வேண்டாம் அண்ணாச்சி. பெரியவர் நீங்க. எனக்குப் பாவம் சேரும்."

"ஒண்டும் சேராது. காலை நீட்டும்." பழைய டூத்பிரஷ் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஷூவின் அடிப்பள்ளங்களில் ஒவ்வொன்றாக விட்டுக் கிளறினார். "பார்க்கச் சுத்தமாத்தான் இருக்கும். அதுதான் பயம்."

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் இப்போது இல்லை, அவர் மகள் இதே ஊரில் இருக்கிறாள். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவன், கோவில்பட்டிக்காரன். மனைவி செல்வி நர்ஸ், அவள் விசாவில்தான் ஆக்லாந்து வந்தோம். ஹில்ஸ்பரோவில் வாடகை வீடு. நான் ஒரு கோடவுனில் சாமான் அடுக்குகிறேன். எழுதிப் பழக்கம் இல்லாதவன் இதை எழுதக் காரணம், அந்த மனிதர் தன் பேரனைக் கையில் வாங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுதான். ஆசைப்பட்டதோடு நிற்காமல் அதற்காக அலைந்தும் திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து ஏழெட்டுப் பேர் நடக்கப் போவோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பாதி, எங்கள் பக்கத்துக்காரர்கள் பாதி. அவர் கோயிலுக்குள் வரமாட்டார். கார் நிறுத்துகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிரசாதம் கொண்டுபோய்க் கொடுத்தால், "பொலித்தீன் பையில போட்டு அங்க வையும்" என்பார். கையால் வாங்கமாட்டார். நாத்திகரோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் கற்பூர ஆரத்திக்கு மணி அடிக்கும்போது வெளியே காருக்குப் பக்கத்தில் அவர் கண் மூடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவது அவருக்கு வேடிக்கை. "என்னைப் பலசரக்குக் கடை முதலாளி ஆக்கிப்போட்டீர் தம்பி" என்பார். "எங்க ஊர்ல முதலாளியும் அண்ணாச்சிதான், கடன் கேக்கிறவனும் அண்ணாச்சிதான்" என்றால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு சத்தம் இல்லாமல் வந்து சட்டென்று நின்றுவிடும்.

எல்லோர் ஷூவையும் தேய்த்து அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் அவர் உள்ளே வருவார். வரிசையிலும் கடைசி. முன்னால் போகிறவர்கள் யாராவது பலகைப் பாதையை விட்டு ஒரு அடி இறங்கினாலும் பின்னாலிருந்து, "பிள்ளை, மேல ஏறும்" என்று குரல் வரும். அதட்டல் இல்லை, கெஞ்சுகிற குரல். காட்டுக்குள் ஈர வாசம், தலைக்கு மேல் குடை மாதிரி பெரிய பெரணி மரங்கள், எங்கேயோ டூயீ குருவி மணி அடிக்கிற மாதிரி கத்தும். அதையெல்லாம் அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் குதிகால்களைப் பார்த்துக்கொண்டே வருவார்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, நான் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் தனியாகக் குந்தியிருந்தார். துணிப் பையிலிருந்து சின்னதாக ஒரு ஜோடி ஷூ எடுத்தார். பெண்கள் போடுவது, ஊதா நிற லேஸ். அதைத் தலைகீழாகப் பிடித்துத் தேய்த்தார். ஏற்கெனவே அது புதிது மாதிரி இருந்தது. மருந்து அடித்தார். உதறினார். பைக்குள் வைத்தார். திரும்பி வரும்போது கூட்டத்தில் ஒரு அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "அவரின்ர மனிசியின்ர. செத்து மூண்டு வருசம்" என்றார் அந்த அக்கா. "ஒவ்வொரு கிழமையும் கொண்டுவருவார். கேக்காதேங்கோ."

மண்ணில் படாத ஷூவை ஒரு மனிதர் வாராவாரம் கழுவுகிறார். அன்றைக்கு நடக்கும்போது, எனக்கும் அவருக்கும் நடுவில் பலகைமேல் இன்னொரு காலடி கேட்கிற மாதிரியே இருந்தது. மனசுக்குள் கந்த சஷ்டி சொல்லிக்கொண்டே நடந்தேன்.

எங்கள் மகள் அபிக்கு அப்போது எட்டு வயது. ஒருநாள் பெரிய கவுரி மரம் ஒன்றைக் கண்டதும், கட்டிப்பிடிக்கப் பலகையிலிருந்து குதித்து ஓடினாள். கைப்பிடிக் கம்பிக்கு அடியில் நுழைந்து வேர்மேல் போய் நின்றுவிட்டாள்.

அவர் கத்தினார். அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. வார்த்தையாக இல்லை, வெறும் சத்தம். அபி பயந்து திரும்பி வந்ததும் அவளைப் பலகையில் உட்காரவைத்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், கொண்டுவந்த மருந்துக் குப்பியால் உள்ளங்காலைத் துடைத்தார். ஐந்து தடவை, ஆறு தடவை. குழந்தை அழுதது. அவருக்குக் கேட்கவில்லை.

செல்விதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "போதும்ணே. பிள்ளை பயப்படுது. ஒரு மரத்துக்காகவா இப்படி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்களைப் பார்த்த மாதிரி இல்லை.

காரில் அபி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஐ டோண்ட் வாண்ட் டு கோ வித் ஹிம், அப்பா."

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு முன்னால் அவர் கார் வந்து நின்றது. அபிக்கு ஒரு சாக்லேட் டப்பா. வாசற்படியில் வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போய் நின்றார்.

"உள்ள வாங்கண்ணே, ஒரு காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள் செல்வி. அவள் கோபம் அதற்குள் ஆறியிருந்தது.

"இல்லைப் பிள்ளை. நான் ஒருத்தற்ற வீட்டுக்குள்ளயும் போறேல்லை." கொஞ்ச நேரம் கார் சாவியை உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு, எங்களைப் பார்க்காமல், வேலியைப் பார்த்துச் சொன்னார். அவர் தன் கதையைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவர் மனைவிக்குப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருந்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, சின்னச் சளி தொற்றினாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு நல்லபடியாக வேண்டும் என்று இவர் நேர்த்தி வைத்திருந்தார். அதை நிறைவேற்றத் தேர்த் திருவிழாவுக்குப் போனார். நல்ல கூட்டம். வடம் பிடித்தார், வெறுங்காலோடு வீதி சுற்றினார். பக்கத்தில் நின்றவர் இருமிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் நேராக அறைக்குப் போய் அவள் நெற்றியில் திருநீறு பூசினார்.

"கை கால் கழுவேல்லை தம்பி. கோயிலால வந்து உடனே கழுவப்படாதெல்லே. போயிட்டு வந்த பலன் போயிடுமெண்டு சின்னனிலயிருந்து சொல்லித் தந்தது. அவளும் கழுவச் சொல்லேல்லை. நெத்தியைக் காட்டிக்கொண்டு இருந்தவள்."

மூன்றாம் நாள் காய்ச்சல். மூன்றாவது வாரம் எல்லாம் முடிந்தது.

"நடக்கப் போற இடத்தில அவள்தான் எனக்கு ஏசுவாள், சப்பாத்தை ஒழுங்காத் தேயுங்கோ எண்டு. மரத்துக்குக் கழுவினனான் தம்பி. அவளுக்குக் கழுவேல்லை."

எங்கள் வீட்டிலும் அதே பழக்கம்தான். கோயிலிலிருந்து வந்தால் யாரும் கால் கழுவமாட்டோம், கொஞ்ச நேரம் உட்காருவோம். என் அப்பா சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது. "சாமி அப்படிச் செய்யாது அண்ணாச்சி" என்றேன்.

"சாமியை நான் குத்தம் சொல்லேல்லை. சாமி கழுவாதே எண்டு சொன்னவரோ? நாங்கள்தான் சொன்னது." காரில் ஏறப் போனவர் திரும்பினார். "பிள்ளைக்குச் சொல்லும், அவவில எனக்குக் கோபமில்லையெண்டு."

அதற்கடுத்த மாதம் அவர் மகள் தர்ஷிக்கு ஆண் குழந்தை பிறந்தது. எல்லர்ஸ்லியில் ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிறவள், வீடும் அங்கேயே. அவர் தினமும் போனார். எப்படிப் போனார் தெரியுமா? ஜன்னலுக்கு வெளியே புல்லில் நின்றார். தர்ஷி உள்ளே குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். அவர் கண்ணாடியைக்கூடத் தொடமாட்டார். மழையிலும் நின்றார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி, யாரோ ஒருத்தர் உன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார் என்று தர்ஷியிடம் சொல்லியிருக்கிறாள்.

தர்ஷி எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. அண்டைக்கு ஒருக்கா உள்ள வந்து பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கோ. அம்மா இல்லை. அவராவது தூக்கட்டும்." துடக்கு என்று அவர்கள் சொல்வது பிள்ளை பிறந்த தீட்டு.

நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவரோடு வரிசையின் கடைசியில் நடந்தேன். வேறு பேச்சுப் பேசவில்லை. முதல் வாரம் அவர் முன்னால் போகிறவர்களின் குதிகால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டாவது வாரம், "நீர் அந்தக் கதையை விடும்" என்றார். மூன்றாவது வாரம் நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

"அண்ணாச்சி, ஜன்னலுக்கு வெளிய நிக்கிற தாத்தாவை அந்தப் பய என்னன்னு நினைப்பான்? நீங்க கழுவுங்க. நூறு தடவை கழுவுங்க. நான் கூட நிக்கேன். ஆனா உள்ள வாங்க."

வெகுதூரம் நடந்தோம். கீழே ஓடையில் தண்ணீர் சத்தம். "நீர் பக்கத்தில நிப்பீரோ?" என்றார்.

"நிப்பேன்."

"கடைசி வரைக்கும்?"

"முருகன் சாட்சியா நிப்பேன்."

துடக்குக் கழிவு அன்று, சனிக்கிழமை காலை எழுந்தபோது எனக்குத் தொண்டையில் கரகரப்பு இருந்தது. முந்தின நாள் கோடவுனில் இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், இரண்டு மாத்திரை போட்டேன். காய்ச்சல் இல்லை. மூன்று வாரமாகப் பேசிப் பேசி வரவழைத்த மனிதர். நான் போகாவிட்டால் அவர் படியேற மாட்டார். நல்ல காரியத்துக்குப் போகிறோம், சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். செல்விக்கு அன்று காலை டியூட்டி. அவள் இருந்திருந்தால் என் குரலைக் கேட்டதும் விட்டிருக்க மாட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் புது வேட்டி, புதுச் சட்டை. வாசலில் தர்ஷி வைத்திருந்த வாளியில் முழங்கைவரை கழுவினார், முழங்கால்வரை கழுவினார், முகத்துக்கு மாஸ்க் போட்டார். பிறகு படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையைப் பிடித்தேன். ஏறினார்.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்து வீடெங்கும் தண்ணீர் தெளித்தார். தர்ஷி குழந்தையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை, கை மடியிலேயே கிடந்தது. நான்தான் முன்னால் போனேன். குழந்தையை அவளிடமிருந்து என் கையில் வாங்கி, "அண்ணாச்சி, பிடிங்க, உங்க பேரன்" என்று குனிந்து, சிரித்துப் பேசி, அவர் மடியில் வைத்தேன். எனக்கு மாஸ்க் இல்லை.

அவர் பேரனின் பாதத்தைத்தான் பார்த்தார். விரலால் தொடாமல், வெகுநேரம். "இன்னும் ஒரு இடத்திலயும் படேல்லை" என்றார். மாஸ்க் நனைந்திருந்தது. தர்ஷி சுவரில் சாய்ந்து அழுதாள். நான் செய்த புண்ணியம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

நாலாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். அதே நாட்களில் நான் வீட்டில் இருமிக்கொண்டு படுத்திருந்தேன். செல்வி கஷாயம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"உங்களுக்கு எப்ப ஆரம்பிச்சது?"

நான் கஷாயத்தைக் குடிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"சனிக்கிழமையேவா? தெரிஞ்சேவா போனீங்க?"

அவள் திட்டவில்லை. சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள்.

ஆறாம் நாள் குழந்தை பால் குடித்தது, எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தது. கடவுள் கைவிடவில்லை. பயல் இப்போது ஓடித் திரிகிறான். ஆனால் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமும் போகவில்லை, தர்ஷி வீட்டு ஜன்னலுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடக்கவும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. தர்ஷி சொன்னாள், "தான்தான் கொண்டுவந்தது எண்டு மெசேஜ் போட்டிருக்கிறார் அண்ணா. இனி வரமாட்டாராம்."

அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் தள்ளினேன். கடைசியில் செல்வி கார் சாவியை என் கையில் வைத்தாள். "அவர்கிட்டயாவது போய்ச் சொல்லிட்டு வாங்க."

கிளென் ஈடனில் சின்ன வீடு. மணி அடித்தேன், திறக்கவில்லை. பக்கவாட்டில் போனேன். கூடத்து ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் சிறுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார், திறக்கவில்லை.

நான் கண்ணாடி வழியாகவே சொன்னேன். எல்லாம் சொன்னேன். தொண்டை கரகரப்பு, மாத்திரை, கோடவுன், குழந்தையை என் கையில் வாங்கியது. "உங்களால இல்ல அண்ணாச்சி. என்னால. உங்களுக்கு அன்னிக்கும் ஒண்ணுமில்ல, இன்னிக்கும் ஒண்ணுமில்ல. இருமினது நான்தான்."

அவர் பொறுமையாகக் கேட்டார். சின்னக் குழந்தை சொல்லும் கதையைக் கேட்கிற மாதிரி.

"நீர் நல்ல மனுசன் தம்பி" என்றார். குரல் கண்ணாடிக்கு அப்பாலிருந்து மெல்லியதாக வந்தது. "என்ர பாரத்தைத் தூக்க வந்திருக்கிறீர். எனக்கு விளங்குது. ஆனா உமக்குப் பொய் சொல்ல வராது."

"பொய் இல்ல. செல்விகிட்டக் கேளுங்க."

"அவவும் நல்ல பிள்ளை. நீர் சொல்லிக் குடுத்ததைச் சொல்லுவா."

நான் அழுதுவிட்டேன். கண்ணாடியில் கையை வைத்தேன். "முருகன் மேல சத்தியமாச் சொல்றேன் அண்ணாச்சி. என் பிள்ளை மேல சத்தியமா."

அவர் முகம் மாறியது. முதல் தடவையாக என்மேல் கோபம் வந்தது அவருக்கு. "எனக்காக அவரில பொய்ச் சத்தியம் பண்ணாதேயும். பிள்ளையை இழுக்காதேயும். போம். இப்பவே கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுப்போட்டு வீட்டை போம்."

திரையை இழுத்து மூடினார்.

அந்தக் குளிர்காலத்திலேயே அவர் தூக்கத்தில் போய்விட்டார். இதயம் என்றார்கள். கிரியை முடிந்த பிறகு தர்ஷியிடம் சொன்னேன். அவள் உடனே நம்பினாள். நம்பிவிட்டு, "இதை அப்பாட்டச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் திரையை மூடிய அன்று, சொன்னபடி நேரே கோயிலுக்குத்தான் போயிருந்தேன். சாயரட்சைப் பூசை நடந்துகொண்டிருந்தது. கூட்டம் இல்லை. முருகனுக்கு நேரே நின்று கை கூப்பினேன். செய்த சத்தியம் உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்டால் அது பொய் என்றாகும். கேட்காமல் போனால் அந்த மனிதர் கடைசியாகச் சொன்ன சொல்லைத் தட்டினதாகும். இரண்டும் நாக்கில் வரவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது. ஐயர் தட்டோடு வந்தார், என் கை நீளாததைப் பார்த்து அடுத்த ஆளிடம் போனார்.